ஆஸ்ட்ரோடர்ஃப்: ஹூஸ்டனில் செத்த புல்லும் செனட்டருக்கு வந்த கடிதங்களும்

ஆங்கில அகராதியில் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற சொல்லைத் தேடினால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, மைதானத்தில் விரிக்கும் செயற்கைப் புல்தரை. இன்னொன்று, மக்கள் தாமாகவே திரண்டு எழுப்பியதுபோலக் காட்டப்படும், ஆனால் யாரோ காசு கொடுத்து ஏற்பாடு செய்த ஆதரவுக் குரல். முதல் பொருள் 1966இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தது. இரண்டாவது 1985இல் வாஷிங்டனில், ஒரு டெக்சாஸ்காரரின் வாயிலிருந்து வந்தது.

வணிகப் பெயர் பொதுச்சொல் ஆவது நமக்குப் புதிதல்ல. எந்த நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் நாம் ஜெராக்ஸ்தான் எடுக்கிறோம். ஆனால் ஜெராக்ஸ் என்று சொல்லி யாரும் ஓர் அரசியல் இயக்கத்தைத் திட்டுவதில்லை. ஆஸ்ட்ரோடர்ஃபுக்கு மட்டும் அந்தக் கதி ஏன் வந்தது? இந்த ஆய்வு அதைப் பற்றியது. பதிலில் பெரும்பகுதி ஒரு கட்டடத்தின் கூரையில் இருக்கிறது.

கூரைக்குக் கீழே புல்

ஹூஸ்டனுக்கு 1962இல் ஒரு பெரிய லீக் பேஸ்பால் அணி கிடைத்தது. கோல்ட் .45 என்ற துப்பாக்கியின் பெயரை வைத்திருந்தார்கள். அணி ஆடிய திறந்தவெளி மைதானம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கொசுவுக்கும் பேர்போனது. முன்னாள் மேயர் ராய் ஹோஃபைன்ஸ் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்: மைதானம் முழுவதையும் கூரை போட்டு மூடி, குளிர்சாதன வசதி செய்துவிடுவது. அதுவரை உலகத்தில் யாரும் அப்படிக் கட்டியதில்லை.

1965 ஏப்ரல் 9 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஒரு கண்காட்சி ஆட்டம் நடந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் பார்க்க வந்தார். உள்ளே முதல் ஹோம் ரன் அடித்தவர் மிக்கி மேன்டில். நாசாவின் விண்வெளி மையம் அதே ஊரில் அமைந்திருந்ததால் அணி தன் துப்பாக்கிப் பெயரை விட்டுவிட்டு ஆஸ்ட்ரோஸ் ஆனது, அரங்கம் ஆஸ்ட்ரோடோம் ஆனது. ஆஸ்ட்ரோ என்பது கிரேக்கத்தில் விண்மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உலகின் எட்டாவது அதிசயம் என்று அரங்கத்துக்கு விளம்பரம் செய்தார்கள்.

உள்ளே போட்டது நிஜப் புல். கூரைக்குக் கீழும் வளரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த பெர்முடா புல் ரகம். புல்லுக்கு வெளிச்சம் வேண்டுமே என்பதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகைகளைப் பதித்திருந்தார்கள், நாலாயிரத்துக்கும் மேல். இரவில் பிரச்சினை இல்லை. பகல் ஆட்டத்தில்தான் விவகாரம் வெடித்தது. பலகைகள் வழியே வந்த கூச்சத்திலும் கூரைச் சட்டங்களின் நிழல் வலையிலும் உயரே போன பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. எளிதாகப் பிடிக்க வேண்டிய பந்துகள் பக்கத்தில் வந்து விழுந்தன. வண்ணம் பூசிய பந்துகளைக்கூட முயன்று பார்த்தார்கள்.

கடைசியில் கூரைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது. வெளிச்சம் குறைந்தது. புல் செத்தது.

கண்ணுக்கு வெளிச்சம் அதிகம், புல்லுக்கு வெளிச்சம் போதாது. இரண்டும் ஒரே கூரையின் வழியாக வர வேண்டும். வரைபடத்தில் இது யாருக்கும் தெரியவில்லை என்பது வியப்புதான். அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களைக் காய்ந்த புல்லின்மீதும் பச்சைச் சாயம் பூசிய மண்ணின்மீதும் ஆடி முடித்தார்கள். எட்டாவது அதிசயத்தின் தரையில் பச்சைச் சாயம்! செயற்கைப் புல் வருவதற்கு முன்பே அங்கே செயற்கைப் பச்சை வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்காகச் செய்த பொருள்

ஹோஃபைன்ஸின் கையில் வந்து சேர்ந்த பொருள் அவருக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு கவலை கிளம்பியது: நகரத்துப் பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகளைவிட உடல் திறனில் பின்தங்கியிருக்கிறார்கள், ஓடி விளையாட இடமில்லை. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கிய பள்ளிக் கட்டட வசதி ஆய்வு அமைப்பு ஒன்று இதைக் கையில் எடுத்தது. சிமெண்ட் முற்றங்களிலும் விரிக்கக்கூடிய, ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய ஒரு விளையாட்டுத் தரை வேண்டும் என்று தேடினார்கள்.

பொருளைச் செய்தது கெம்ஸ்ட்ராண்ட். மான்சான்டோ குழுமத்தைச் சேர்ந்த செயற்கை இழை நிறுவனம். தரைவிரிப்புக்கு நைலான் இழை தயாரிக்கும் தொழில் அவர்களுடையது. புல்லுக்கும் அவர்களுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பூங்காவில் ஆய்வு நடந்தது. பட்டையான நைலான் இழைகளை ஓர் அடித்துணியில் பின்னி, கீழே பஞ்சு மெத்தை வைத்த விரிப்பு உருவானது. 1964இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் அதை விரித்தார்கள். அப்போது அதன் பெயர் கெம்கிராஸ், வேதிப்புல். காப்புரிமைக்கு ஜேம்ஸ் ஃபாரியா, ராபர்ட் ரைட் என்ற இருவர் பெயரில் 1965 டிசம்பரில் விண்ணப்பித்து, 1967 ஜூலையில் பெற்றார்கள். அந்தக் காப்புரிமையின் தலைப்பில் புல் என்ற சொல்லே இல்லை. இழைப் பட்டைகளால் ஆன விரிப்பு என்ற பொருள் தரும் தொழில்நுட்பத் தலைப்புதான் இருக்கிறது.

ஆக, நகரத்துப் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும் என்று தொடங்கிய வேலை, பணக்கார அரங்கம் ஒன்றின் மானத்தைக் காப்பாற்றப் போய்ச் சேர்ந்தது.

1966இல் அணி ஊர் திரும்பியபோது தரை தயாராக இருந்தது, பாதி மட்டும். தேவையான அளவு சரக்கு உற்பத்தி ஆகவில்லை. அதனால் உள்களத்தில் மட்டும் விரித்து, வெளிக்களத்தைச் சாயம் பூசிய மண்ணாகவே விட்டார்கள். ஏப்ரல் 18 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் நடந்தது செயற்கைத் தரையில் ஆடப்பட்ட முதல் லீக் ஆட்டம். ஜூலையில் வெளிக்களமும் மூடப்பட்டது. விரிப்புத் துண்டுகளைப் பெரிய ஜிப் வைத்து இணைத்திருந்தார்கள், வேறு நிகழ்ச்சிகள் வந்தால் கழற்றிச் சுருட்டிவிடலாம். ஆட்டத்தின் நடுவே விண்வெளி வீரர் உடை அணிந்த பணியாளர்கள் வந்து தரையை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்தார்கள். வெட்கப்பட வேண்டிய ஒன்றை வேடிக்கையாக மாற்றுவதில் ஹோஃபைன்ஸுக்கு இணை கிடையாது.

பெயரும் அப்போதே மாறியது. கெம்கிராஸ் என்பதைக் கைவிட்டு ஆஸ்ட்ரோடர்ஃப் என்று வைத்தவர் கெம்ஸ்ட்ராண்ட் ஊழியர் ஜான் வொர்ட்மன் என்று சொல்லப்படுகிறது. வணிகக் கணக்கில் அது சரியான முடிவு. வேதிப்புல் என்றால் யாருக்கு ஆசை வரும்? ஆஸ்ட்ரோ என்றால் விண்வெளி, எதிர்காலம். ஆனால் அந்த முடிவோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: இந்தப் பொருள் ஏன் தேவைப்பட்டது என்ற கதை. ஆஸ்ட்ரோடர்ஃப் என்று சொன்னதும் ஆஸ்ட்ரோடோம் நினைவுக்கு வரும். ஆஸ்ட்ரோடோம் என்றதும் அங்கே புல் செத்தது நினைவுக்கு வரும். கெம்கிராஸ் என்றே விட்டிருந்தால் இந்தச் சங்கிலி இல்லை.

டர்ஃப் என்ற பாதி

பெயரின் பின்பாதி எவ்வளவு பழையது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. டர்ஃப் என்றால் பழைய ஆங்கிலத்தில் புல்லும் வேரும் மண்ணுமாகச் சேர்த்து வெட்டியெடுத்த கட்டி. நம் ஊரில் நர்சரிக்காரர் லாரியில் கொண்டுவந்து பதிக்கிறாரே, அந்தப் புல்கட்டி. அயர்லாந்தில் சதுப்பு நிலத்தில் வெட்டி அடுப்பெரிக்கும் கரிமண்ணுக்கும் டர்ஃப் என்றே பெயர். குதிரைப் பந்தயத்தை டர்ஃப் என்பார்கள். கும்பல்கள் தங்கள் பேட்டையை டர்ஃப் என்று சொல்வது அமெரிக்கத் தெருப் பேச்சு. இந்த எல்லாப் பொருளிலும் மண் இருக்கிறது. ஆஸ்ட்ரோடர்ஃபில்தான் முதன்முறையாக மண் இல்லாத டர்ஃப் வந்தது.

சொற்பிறப்பு அகராதிகள் இந்த டர்ஃபை சமஸ்கிருத தர்பத்தோடு உறவுபடுத்துகின்றன. அதாவது அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வாங்கும் தர்ப்பைக்கும், வார இறுதியில் பையன்கள் பந்து அடிக்கப் போகும் டர்ஃபுக்கும் ஒரே மூதாதை. உறவு மிக மிகப் பழையது, இன்றைய பயன்பாட்டை அது எதுவும் விளக்காது. ஆனாலும் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

காலில் பட்ட அனுபவம்

1967இல் இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் திறந்தவெளியில் ஆஸ்ட்ரோடர்ஃப் விரிக்கப்பட்டது. 1970களில் அமெரிக்காவின் பெரிய அரங்கங்கள் வரிசையாக இதற்கு மாறின. மழையில் சேறாகாது, ஒரே தரையில் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடலாம், புல் வெட்டும் செலவு இல்லை. அரங்க உரிமையாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆடியவர்களின் அனுபவம் வேறு. அந்த முதல் தலைமுறைத் தரை குட்டையான நைலான் இழை, மெல்லிய மெத்தை, கீழே கெட்டியான தளம். விழுந்தால் தோல் சிராய்ந்து எரியும். வெயிலில் தரை கொதிக்கும். பந்து தாறுமாறான வேகத்தில் எகிறும். ஷூ தரையைப் பிடித்துக்கொள்ள, கால் பெருவிரல் மட்டும் பின்னோக்கி வளைந்து மூட்டு அடிபடும். 1976இல் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பவர்ஸ், மார்ட்டின் என்ற இருவர் இந்தக் காயத்துக்கு டர்ஃப் டோ என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார்கள். மருத்துவத்தில் இன்றும் அதே பெயர்தான். குதிரை தின்னாத புல்லில் ஆட எனக்கு விருப்பமில்லை என்று பேஸ்பால் வீரர் டிக் ஆலன் சொன்னதாக ஒரு வாசகம் அந்தக் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. 1995 ஆகஸ்டில் ஆஸ்ட்ரோடோமிலேயே தரை மோசமாக இருந்ததால் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை ரத்து செய்ய நேர்ந்தது. பெயர் கொடுத்த இடத்திலேயே பெயர் கெட்டது.

ஆக, 1980களின் நடுவில் சராசரி அமெரிக்கர் ஒருவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் என்ன வந்திருக்கும் என்று யோசித்தால்: பார்க்கப் பச்சை, தொட்டால் சுடும், வேர் இல்லை, எங்கோ தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து விரித்தது. ஒரு வசைக்குத் தேவையான சரக்கு எல்லாம் தயார்.

இந்திய ஹாக்கிக்கு விழுந்த அடி

இந்தியர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் வேறொரு வலி. 1975இல் கோலாலம்பூரில் அஜித்பால் சிங் தலைமையில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்தோம், புல்தரையில். மறு ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்றோம். ஏழாவது இடம். 1928 முதல் ஒவ்வொரு முறையும் பதக்கத்தோடு திரும்பிய அணி முதன்முறையாக வெறுங்கையோடு வந்தது.

புல்லில் பந்து தடுமாறி வரும். அதை நிறுத்தி, மட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு, வளைந்து நெளிந்து போகும் கலை நம்முடையது. செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக வரும். பந்தை நிறுத்துவது எளிதாகிவிட்டதால் அந்தக் கலையின் மதிப்பு குறைந்தது, ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும் நீளமான பாஸுக்கும் மதிப்பு கூடியது. விலை உயர்ந்த தரை என்பதால் ஐரோப்பிய நாடுகளில் வேகமாகப் பரவியது, நம் பிள்ளைகள் பெரும்பாலும் மண்ணிலும் புல்லிலுமே பழகி வளர்ந்தார்கள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் எல்லாப் பழியையும் ஆஸ்ட்ரோடர்ஃப் தலையில் போடுவது நமக்கு வசதியான விளக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்மைப் போலவே புல்லில் வளர்ந்த பாகிஸ்தான் 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் தங்கமும் 1994இல் சிட்னியில் உலகக் கோப்பையும் வென்றது, இரண்டும் செயற்கைத் தரையில். நாமும் 1980இல் மாஸ்கோவில் செயற்கைத் தரையில்தான் தங்கம் வாங்கினோம், தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில். பல வலுவான அணிகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம் அடுத்த பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு நீண்ட வறட்சிக்குத் தரை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

1985: செனட்டரின் மேஜைக்கு வந்த கடிதங்கள்

இப்போது இரண்டாவது பொருளுக்கு வருவோம். அமெரிக்க அரசியலில் சாதாரண மக்களிடமிருந்து தானாக எழும் ஆதரவுக்குப் புல்வேர் என்று பெயர். 1912இல் முற்போக்குக் கட்சியைப் பற்றி முன்னாள் செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ், இந்தக் கட்சி புல்வேர்களிலிருந்து வந்தது, மக்களின் கடும் தேவைகள் என்ற மண்ணில் வளர்ந்தது என்று பேசினார். அந்த உருவகம் ஊன்றிப்போய்விட்டது.

லாய்டு பென்ட்சன் டெக்சாஸின் செனட்டர். 1988இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸுடன் சேர்ந்து துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர், பின்னாளில் கிளின்டனின் நிதியமைச்சர். 1985இல் அவருடைய அலுவலகத்தில் காப்பீட்டு நிறுவனங்களின் நலனை ஆதரித்து அட்டைகளும் கடிதங்களும் மலைபோலக் குவிந்தன. அவற்றைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இதுதான்: டெக்சாஸ்காரனுக்குப் புல்வேருக்கும் ஆஸ்ட்ரோடர்ஃபுக்கும் வித்தியாசம் தெரியும், இது உண்டாக்கி அனுப்பிய தபால்.

அந்த வாக்கியத்தில் டெக்சாஸ்காரன் என்ற சொல்தான் அச்சாணி. பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதே கேலியை வேறு மாநிலத்துச் செனட்டர் சொல்லியிருந்தால் நல்ல சிலேடையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். டெக்சாஸ்காரர் சொன்னதால் அதற்குச் சாட்சியம் சேர்ந்துவிட்டது. ஹூஸ்டனில் புல் செத்ததும், சாயம் பூசியதும், நைலான் விரித்ததும் அவர் மாநிலத்துச் சங்கதி. இன்னொன்றும் உண்டு: செனட்டுக்கு வருவதற்கு முன் பென்ட்சன் அதே ஹூஸ்டனில் காப்பீடும் நிதியும் சார்ந்த தொழில் நடத்தியவர். அந்தத் தொழில் எப்படிப் பேசும் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

கடிதங்கள் போலி என்று பென்ட்சன் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் நிஜ மனிதர்களாகவே இருந்திருக்கலாம். அவர் குறை சொன்னது, அந்த ஆதரவு தானாக முளைக்கவில்லை, முளைக்கவைக்கப்பட்டது என்பதைத்தான். சொல் பிறந்தபோது அதன் எல்லை இவ்வளவு அகலமாக இருந்தது. பின்னால் வந்த விவகாரங்கள்தான் அதைக் கூர்மையாக்கின.

1993இல் அமெரிக்காவில் தேசியப் புகைபிடிப்போர் கூட்டணி என்று ஒன்று தொடங்கியது. புகைபிடிப்போரின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் மக்கள் அமைப்பு என்று சொல்லிக்கொண்டது. அதை அமைத்துக் கொடுத்தது பர்சன் மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். பணம் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனத்துடையது. உறுப்பினர்கள் நிஜமானவர்கள், அவர்கள் நம்பிக்கையும் நிஜம். ஆனால் கணக்குப் புத்தகம் சிகரெட் கம்பெனியிடம்.

2001இல் மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கின்போது, நிறுவனத்துக்கு ஆதரவாக மாநில அரசு வழக்கறிஞர்களுக்குக் கடிதங்கள் வந்தன. யூட்டா மாநிலத்துக்கு வந்தவற்றில் இரண்டு, இறந்துபோனவர்களின் பெயரில் இருந்தன. ஒரு கடிதத்தில் யூட்டாவில் இல்லவே இல்லாத ஊர் முகவரியாக இருந்தது. மைக்ரோசாஃப்டிடம் நிதி பெற்ற ஓர் அமைப்பு தொலைபேசியில் ஆட்களைப் பிடித்து, கடிதத்தையும் தயாரித்துக் கொடுத்து, கையெழுத்துக்கு அனுப்பிய ஏற்பாடு என்பதை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது.

எண்ணிக்கையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 2017இல் நடந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரேபோல நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்குவது குறித்து அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2.2 கோடிக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. 2021இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் சுமார் 1.8 கோடி போலி என்றது. விதிகளை நீக்கச் சொல்லி வந்ததில் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரச்சாரத்தில் வந்தவை. பரிசு, கூப்பன் என்று ஆசை காட்டி ஆட்களின் விவரங்களைச் சேகரிக்கும் நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைக்க, அவர்கள் பெரும்பாலும் யாரையும் கேட்காமலே பெயர்களை நிரப்பிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. விதிகளைக் காக்கச் சொல்லி வந்தவற்றில் 77 லட்சத்துக்கும் மேற்பட்டவை கலிஃபோர்னியாவின் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கணினி வழியே கற்பனைப் பெயர்களில் கொட்டியவை. இந்த மாணவர் செய்தது ஆஸ்ட்ரோடர்ஃப் வேலையா? என் கணக்கில் இல்லை. அது மோசடி, சரி. ஆனால் பின்னால் பணம் கொடுத்து மறைந்து நின்ற தரப்பு எதுவும் அங்கே இல்லை. ஆஸ்ட்ரோடர்ஃப் என்றால் தரை போலியாக இருந்தால் மட்டும் போதாது. அதை விரித்தவர் ஒளிந்திருக்க வேண்டும். புகைபிடிப்போர் கூட்டணி இந்த அளவுகோலில் பொருந்துகிறது, அதன் உறுப்பினர்கள் நிஜ மனிதர்கள் என்றாலும்.

வணிகத்திலும் இதே சொல் புழங்குகிறது. காசு வாங்கிக்கொண்டு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதும் தொழிலை நியூயார்க் அதிகாரிகள் 2013இல் பிடித்தார்கள். புரூக்ளினில் ஒரு தயிர்க்கடை இருப்பதாகவும், அதற்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும் என்றும் சொல்லித் தூண்டில் போட்டார்கள். 19 நிறுவனங்கள் சிக்கி, மொத்தம் 3.5 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டின. அந்தச் சோதனைக்கு வைத்த பெயர் ஆபரேஷன் கிளீன் டர்ஃப்.

பொருளுக்கு நேர்ந்த அநியாயம்

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு அந்த நைலான் விரிப்பின்மேல் கொஞ்சம் பரிதாபம் வருகிறது. ஆஸ்ட்ரோடோமில் யாரும் அதை நிஜப் புல் என்று சொல்லி விற்கவில்லை. விண்வெளி உடையில் ஆட்களை அனுப்பி, ஊரே பார்க்க வேக்குவம் கிளீனர் போட்டார்கள். நாங்கள் செயற்கை, அதில்தான் எங்கள் பெருமை என்பதே அவர்கள் விளம்பரம். மறைத்தது என்று ஒன்று இருந்தால் அது அதற்கு முந்தைய ஆண்டு, சாயம் பூசிய காய்ந்த புல். அரசியல் பொருளில் நாம் ஆஸ்ட்ரோடர்ஃப் என்று திட்டுவதெல்லாம் உண்மையில் 1965இன் பச்சைச் சாயத்தை. ஆனால் சாயத்துக்கு வணிகப் பெயர் இல்லை, விரிப்புக்கு இருந்தது. அதனால் வசை அதன்மேல் விழுந்தது.

மான்சான்டோ 1988இல் தொழிலை விற்றுவிட்டது. பிறகு கைமாறி, ஓர் உரிமையாளர் 2004இல் திவாலாகி, பெயர் மட்டும் பிழைத்து, இன்றும் பதிவுபெற்ற வணிகக்குறியாக இருக்கிறது. தரையும் அந்தப் பழைய தரை இல்லை. மணல் நிரப்பிய இரண்டாம் தலைமுறை, நீளமான இழைக்குள் ரப்பர்த் துகள் நிரப்பிய மூன்றாம் தலைமுறை என்று போய்விட்டது.

நம் வாயில்

தமிழில் முதல் பொருள் மட்டும்தான் குடியேறியிருக்கிறது. ஹாக்கிச் செய்தி எழுதுபவர்களுக்கு எந்த நிறுவனத்தின் தரையாக இருந்தாலும் அது ஆஸ்ட்ரோ டர்ஃப்தான். எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023 ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்காகப் போட்டது பாலிகிராஸ் என்ற வேறு பெயருள்ள தரை, பாரீஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே ரகம். ஆனால் டீக்கடையில் கேட்டால் ஆஸ்ட்ரோ டர்ஃப் என்றுதான் சொல்வார்கள்.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பெயரின் பின்பாதியை வெட்டிவிட்டு ஆஸ்ட்ரோ என்கிறார்கள். நம் ஊரில் முன்பாதி போய் டர்ஃப் நின்றது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடத்துக்கு இப்போது அதுதான் பெயர். டர்ஃப் புக் பண்ணியாச்சா என்றால் யாரும் புல்லை நினைப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் லீக் கிரிக்கெட் ஆடியவர்களைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார்கள். கீழ் டிவிஷன்களில் மேட்டிங் விரித்து ஆடுவார்கள். டர்ஃப் விக்கெட் என்றால் மண்ணும் புல்லுமான நிஜ ஆடுகளம், அதில் ஆடக் கிடைப்பதே ஒரு கௌரவம். அன்றைக்கு விரிப்புக்கு எதிர்ச்சொல்லாக இருந்தது இன்றைக்கு விரிப்பின் பெயராகவே ஆகிவிட்டது.

இரண்டாவது பொருள் நம்மிடம் வராததற்குக் காரணம் எளிது. புல்வேர் என்ற அரசியல் உருவகம் தமிழில் இல்லை. நாம் அடிமட்டத் தொண்டர் என்கிறோம், அடித்தட்டு மக்கள் என்கிறோம். அங்கே புல் இல்லாததால் போலிப் புல்லுக்கும் வேலை இல்லை. தாவரத்தை வைத்து நாம் திட்டும் சொல் புல்லுருவி. மண்ணில் வேர் இல்லாமல் வேறு மரத்தில் ஒட்டி வாழும் அந்தச் செடியை, கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சியை உறிஞ்சுபவருக்குச் சொல்கிறோம். அது வேறு குற்றம்.

பொருளில் கிட்டே வருவது காசு கொடுத்துக் கூட்டிய கூட்டம். ஆனால் அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. லாரியில் வந்து இறங்கும் கூட்டத்துக்குக் கொடி எந்தக் கட்சியுடையது என்பது ஊருக்கே தெரியும். பிரியாணி யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதும் தெரியும். பென்ட்சனின் மேஜையில் குவிந்த கடிதங்களில் கொடி இல்லை. ஒரே வாசகத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு, நூறு கணக்குகளிலிருந்து ஒரே மாலையில் வந்து விழும் பதிவுகளிலும் கொடி இருப்பதில்லை. அதற்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை.